கரையில் இரண்டு பேர், நீரில் ஆயிரம் பறவை: ஜனவரிக் கணக்கெடுப்புக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கும். பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் வாரங்களில். 1967-ல் தொடங்கிய பன்னாட்டு நீர்ப்பறவைக் கணக்கெடுப்பின் ஆசியப் பகுதி இது. இந்தியத் துணைக்கண்டத்துக்கு 1987-ல் வந்தது. வெட்லேண்ட்ஸ் இன்டர்நேஷனல் அமைப்பு ஒருங்கிணைக்கிறது. இந்தியாவில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும் இதில் பங்கேற்கிறது. வனத்துறை நடத்தும் ஒருங்கிணைந்த பறவைகள் கணக்கெடுப்பு இதிலிருந்து வேறு. அதற்குத் தேதி குறிப்பதும் குழு பிரிப்பதும் வனத்துறையே. தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நடப்பது போன்ற வட்டாரக் கணக்கெடுப்புகளும் உண்டு. எதில் சேர்ந்தாலும் கரையில் நின்று செய்யும் வேலை ஒன்றுதான்.

நாமக்கோழியையும் முக்குளிப்பானையும் பிரித்தறிவீர்கள், பைனாகுலரில் ஃபோகஸ் வைக்கத் தெரியும், பறவைப் பட்டியல்களை ஏற்றும் இபேர்ட் தளத்தில் கணக்கு வைத்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். பறவையை அடையாளம் காண்பது பற்றி எழுதியவர்கள் நிறைய. எண்ணுவது பற்றி, அதிலும் இரண்டு பேராகப் போய் எண்ணுவது பற்றித் தமிழில் எழுதியவர்கள் குறைவு.

முன்கூட்டியே முடிக்க வேண்டியவை

டிசம்பரிலேயே உங்கள் மாநில அல்லது மாவட்ட ஒருங்கிணைப்பாளரிடம் பேசி, எந்த நீர்நிலை உங்களுக்கு என்று உறுதி செய்துகொள்ளுங்கள். புகழ்பெற்ற இடத்துக்கு ஆள் தேவைப்படாது. வேடந்தாங்கலுக்கும் கூந்தன்குளத்துக்கும் எப்போதும் போட்டி. பக்கத்து ஊர்க் கண்மாய்க்குத்தான் ஆள் கிடைக்காது. அதை எடுத்துக்கொண்டு ஒவ்வோர் ஆண்டும் அதே இடத்துக்குப் போவது, ஆண்டுக்கு ஓர் இடமாகச் சுற்றுவதைவிட எத்தனையோ மடங்கு பயன் தரும். ஓர் ஏரியின் எண்ணிக்கை கூடுகிறதா குறைகிறதா என்பது தொடர்ந்து எண்ணினால்தான் தெரியும்.

சரணாலயம் என்றால் வனத்துறை அனுமதி வேண்டும். உப்பளம் என்றால் உரிமையாளரிடம் கேட்க வேண்டும். பாசன ஏரிக்கு யாரும் தடுக்க மாட்டார்கள்; ஆனாலும் மீன் குத்தகை எடுத்தவரிடம் முந்தின நாள் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கணக்கெடுப்பன்று வலை இழுக்கப் போகிறார்களா என்பது அவருக்குத்தான் தெரியும். பொங்கல் வாரத்தில் தேதி விழுந்தால் மாட்டுப் பொங்கலைத் தவிர்த்துவிடுங்கள். மாடு குளிப்பாட்ட ஊரே ஏரிக்கு வந்துவிடும்.

முந்தின வாரம் ஒருமுறை இருவரும் போய்க் கரையைச் சுற்றி வாருங்கள். எங்கிருந்து தண்ணீர் முழுதும் தெரிகிறது, எங்கே சம்பும் கோரையும் மறைக்கின்றன, உள்ளே நிற்கும் கருவேல மரங்களில் எது அடர்த்தி என்று பார்த்து, ஒரு தாளில் ஏரியின் வரைபடத்தைக் கையால் போடுங்கள். மதகு, கலுங்கு, தனிப்பனை, கோயில் கோபுரம், மின்கோபுரம் எல்லாம் அதில் வர வேண்டும். இந்தத் தாள் ஏன் என்பது பின்னால் தெரியும்.

பையில் என்ன

பைனாகுலர் 8x42 போதும். 10x50 வைத்திருப்பவர்கள் பெருமையாகக் காட்டுவார்கள். மூன்று மணி நேரம் கையில் பிடித்து எண்ணும்போது அதன் எடையும் நடுக்கமும் தெரியும். தவிர 8x-ல் பார்வைப் பரப்பு அகலம், எண்ணும் வேலைக்கு அதுதான் முக்கியம்.

இருவருக்கும் சேர்த்து ஒரு ஸ்கோப், அதாவது முக்காலியில் பொருத்திப் பார்க்கும் தொலைநோக்கி, கட்டாயம். 20-60x ஜூம் என்றால் எண்ணுவதற்கு 20 முதல் 30 வரை வைத்துக்கொள்ளுங்கள். 60-க்குப் போனால் கானலும் சேர்ந்து பெரிதாகும். ஸ்கோப்பில் செலவழித்துவிட்டு முக்காலியில் மிச்சம் பிடிக்காதீர்கள். கரைக்காற்றில் ஆடும் முக்காலிமேல் எந்த ஸ்கோப்பும் வீண்.

கையால் அழுத்தி எண்ணும் கிளிக்கர் இரண்டு வாங்குங்கள், எந்திர வகை. கைபேசியில் அதற்கான செயலிகள் உண்டு, ஆனால் அழுத்தியது பதிந்ததா என்று ஒவ்வொரு முறையும் திரையைப் பார்க்க வேண்டியிருக்கும். கண் ஸ்கோப்பிலிருந்து விலகினால் எண்ணிய இடம் போச்சு. இரண்டு கிளிக்கர்களில் ஒன்றில் ரப்பர் பேண்ட் சுற்றிவையுங்கள். பார்க்காமலே எது எந்த இனத்துக்கு என்று விரலுக்குத் தெரியும்.

பென்சில், கெட்டி அட்டை, கோடு போட்ட தாள். ஜனவரிப் பனியில் தாள் நனையும், பேனா எழுதாது. இபேர்ட் செயலியில் உங்கள் பகுதிக்கான தொகுப்பை வீட்டிலேயே இறக்கிவையுங்கள், பல ஏரிக்கரைகளில் சிக்னல் கிடையாது. இருந்தாலும் எண்ணை முதலில் தாளில் எழுதுங்கள். செயலியில் நேராக ஏற்றுகிறவர்கள் 40-க்குப் பதில் 400 தட்டிவிட்டால் திருத்திப் பார்க்கச் சான்று எதுவும் மிஞ்சாது.

யார் பார்ப்பது, யார் எழுதுவது

முதல்முறை என்றால் இருவரும் ஒரே இடத்தில் நில்லுங்கள். ஒருவர் ஸ்கோப்பில் எண்ணிச் சொல்ல, மற்றவர் எழுத வேண்டும். ஒவ்வொரு நிற்குமிடத்திலும் பொறுப்பை மாற்றிக்கொள்ளுங்கள். தொடர்ந்து இருபது நிமிடத்துக்குமேல் ஸ்கோப்பில் எண்ணினால் கண் சோர்ந்து, பத்து என்று நினைப்பது பதினைந்தாகிவிடும்.

சொல்லும் முறையைக் கிளம்பும் முன்பே பேசி வையுங்கள். முதலில் பெயர், பிறகு எண். எழுதுகிறவர் அதை உரக்கத் திருப்பிச் சொன்ன பிறகே அடுத்தது. காற்றில் இருபதும் அறுபதும் ஒன்றுபோலக் கேட்கும், எழுபதும் எண்பதும் அப்படியே. அதனால் "நாமக்கோழி, ஆறு சைபர்" என்று இலக்கம் இலக்கமாகச் சொல்வது நல்லது. பெயரிலும் ஒத்துப்போக வேண்டும். ஒருவர் மடையான் என்பார், மற்றவர் குருட்டுக்கொக்கு என்பார். தாளில் இரண்டு வரி விழுந்துவிடும். சிறிய வாத்து எல்லாவற்றையும் கிளுவை என்று சொல்லிப் பழகியவராக இருந்தால் இன்னும் கவனம்.

எழுதுகிறவர் சும்மா நிற்கவில்லை. அவர் வெறுங்கண்ணால் வானத்தையும் ஏரியின் மொத்தத்தையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஸ்கோப் வழியே பார்ப்பவருக்கு ஒரு துண்டுதான் தெரியும். அந்த நேரத்தில் வலப்பக்கத்திலிருந்து முந்நூறு ஊசிவால் வாத்து எழும்பி இடப்பக்கம் இறங்கினால் அதைப் பார்க்க வேண்டியவர் இவர்தான். எழும்பிய நேரம், ஏறத்தாழ எத்தனை, எங்கிருந்து எங்கே என்று ஓரத்தில் குறியுங்கள். இந்த ஓரக்குறிப்பு இல்லாத தாளில் இரட்டை எண்ணிக்கையைப் பிறகு கண்டுபிடிக்கவே முடியாது.

எங்கே நிற்பது, எதை முதலில் எண்ணுவது

தமிழ்நாட்டுச் சமவெளி மேற்கிலிருந்து கிழக்கே சரிவதால் பெரும்பாலான ஏரிகளுக்கு நீரைத் தேக்கும் கரை கிழக்குப் பக்கம் இருக்கும். காலையில் கரையில் நின்றால் சூரியன் முதுகுக்குப் பின்னால், பறவைகள் நல்ல வெளிச்சத்தில். அதே ஏரியை மேற்கிலிருந்து பார்த்தால் எல்லாமே கறுப்பு உருவங்கள், தட்டைவாயன் வாத்தின் அலகு மட்டும் தெரியும். உங்கள் ஏரிக்குக் கரை வேறு திசை என்றால் அதற்கேற்ப நேரத்தை மாற்றுங்கள்.

காலை 7 மணிக்குத் தொடங்கி 10-க்குள் முடிப்பது நல்லது. அதற்கு முன் பனிமூட்டம், அதற்குப் பின் கானல். வாத்துகள் பெரும்பாலும் இரவில் வயல்களில் மேய்ந்துவிட்டுப் பகலில் நீரில் ஓய்வெடுப்பவை. அதனால் காலை எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் அவற்றின் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு வராது. கொக்குகளும் அரிவாள் மூக்கன்களும் விடிந்ததும் வயலுக்குக் கிளம்பிவிடும். வயலில் மேயும் உண்ணிக்கொக்கு ஏரியின் கணக்கில் வராது, எல்லைக்குள் இருப்பது மட்டுமே.

கரையின் உச்சியில் வரிசையாக நடக்காதீர்கள். வானத்தைப் பின்னணியாக வைத்து ஆள் உருவம் தெரிந்தால் வாத்துகள் தொலைவிலேயே எழும்பும். கரையின் வெளிச்சரிவில் நடந்து, நிற்குமிடத்தில் மட்டும் தலை தெரியுமளவு ஏறி, மரத்தையோ பனையையோ ஒட்டி நில்லுங்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம்.

போய்ச் சேர்ந்ததும் ஓடிப்போகிறவற்றை முதலில் எண்ணுங்கள். வரித்தலை வாத்து, ஊசிவால், தட்டைவாயன், நீலச்சிறகி, கிளுவை. அடுத்து மஞ்சள்மூக்கு நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன்கள், கூழைக்கடா. பிறகு நாமக்கோழி. வயலுக்குப் போகாமல் ஏரியில் மிஞ்சிய கொக்குகள் எளிதில் எழும்பாது, அவை பொறுக்கும். ஓரச் சேற்றில் ஓடும் உள்ளான்களைக் கடைசியில் கிட்டப் போய்ப் பார்க்கலாம், பொரி உள்ளானா வேறா என்பது தூரத்திலிருந்து தெரியாது.

எண்ணும் கை

நூறு வரை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். அதற்குமேல் கட்டம் கட்டமாக. முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அவை கண்ணில் அடைக்கும் இடத்தை மனத்தில் பிடியுங்கள். அந்த இடத்தை இன்னும் நான்கு முறை நகர்த்தினால் ஐம்பது. ஐம்பதின் அளவு பிடிபட்டதும் அதைக் கொண்டு கூட்டத்தின் மறுமுனை வரை அளந்துகொண்டே போங்கள், ஒவ்வோர் ஐம்பதுக்கும் கிளிக்கரில் ஒரு அழுத்து. கூட்டம் ஓரிடத்தில் நெருக்கமாகவும் இன்னோர் இடத்தில் சிதறியும் இருந்தால் அடர்த்தி மாறும் இடத்தில் மறுபடி பத்திலிருந்து தொடங்குங்கள். ஒரே கட்டத்தை எங்கும் ஓட்டினால்தான் கணக்கு கெடுகிறது.

மனிதக் கண் பெரிய கூட்டத்தைப் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடும். தொலைவில் தாழ்ந்த கோணத்தில் பார்க்கும்போது முன்வரிசை பின்வரிசையை மறைப்பது ஒரு காரணம். வீட்டில் பயிற்சி எடுக்கலாம். உங்களுடன் வருபவர் தட்டில் ஒரு கை உளுந்தைச் சிதறட்டும், நீங்கள் பத்து விநாடி பார்த்து எண்ணைச் சொல்லிவிட்டுப் பிறகு எண்ணிப் பாருங்கள். சில நாளில் உங்கள் கண் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெரிந்துவிடும். தெரிந்த பிறகு எண்ணில் எதையும் கூட்டி எழுதாதீர்கள், கட்டத்தின் அளவைத் திருத்துங்கள்.

நீந்தும் பறவைகள் காற்றிலோ அச்சத்திலோ ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தால் அதற்கு எதிர்த்திசையில் ஸ்கோப்பை ஓட்ட வேண்டும். அவை இடமிருந்து வலம் போனால் நீங்கள் வலமிருந்து இடம். அவற்றோடு சேர்ந்து போனால் எண்ணியதே மறுபடி மறுபடி கண்ணில் வரும்.

முக்குளிப்பானும் நீர்க்காகமும் மூழ்கி எழுபவை. சிறு பகுதியாகப் பிரித்து ஒவ்வொரு பகுதியையும் மூன்று முறை எண்ணி, கிடைத்ததில் பெரிய எண்ணை எடுங்கள்.

கலவைக் கூட்டம் வேறு வேலை கேட்கும். முதலில் இனம் பாராமல் மொத்த வாத்துகளை எண்ணுங்கள், 840 என்று வைத்துக்கொள்வோம். அடுத்து கூட்டத்தில் நான்கு வெவ்வேறு இடங்களில் நூறு நூறாக எடுத்து இனம் பிரியுங்கள். நானூறில் ஊசிவால் 196, நீலச்சிறகி 100, தட்டைவாயன் 84, கிளுவை 20 என்று வந்தால் ஒவ்வொன்றையும் 2.1-ஆல் பெருக்க வேண்டும்: 410, 210, 180, 40 என்று பத்துக்கு முழுமையாக்கலாம். 412 என்று எழுதினால் ஒவ்வொன்றாக எண்ணியதுபோல் தோன்றும். நான்கு இடம் என்பது முக்கியம், வாத்துகள் சீராகக் கலந்திருப்பதில்லை. ஓரத்தில் மட்டும் எடுத்தால் கிளுவை கூடிப்போகும், நடுவில் மட்டும் எடுத்தால் ஊசிவால். கூட்டத்தில் பத்துக்கும் குறைவாக இருக்கும் இனத்தை இந்தப் பெருக்கலில் சேர்க்காதீர்கள். அதைத் தேடித் தனியாக எண்ணுங்கள்.

பெண் வாத்துகள் எல்லாம் ஒரே பழுப்பு என்பது முதல் ஆண்டுப் புலம்பல். தட்டைவாயனை அலகு காட்டிக்கொடுக்கும். ஊசிவாலுக்கு நீண்ட மெல்லிய கழுத்து, சாம்பல் அலகு. நீலச்சிறகிக்கு முகத்தில் வெளிறிய கோடுகளும் அலகின் அடியில் ஒரு வெளிறிய புள்ளியும் உண்டு. கிளுவைக்கு முகம் அவ்வளவு கோடற்றது, வாலின் ஓரத்தில் வெளிர்க்கோடு. நீலச்சிறகி ஆண் தன் அழகான நிறத்துக்கு வரத் தாமதமாகும், ஜனவரியிலும் பெண்போலவே இருக்கலாம். அப்படியும் பிரியவில்லையா, "இனம் தெரியாத வாத்து 120" என்று எழுதுங்கள். இபேர்டில் அதற்கும் வரி உண்டு. ஊகித்து எழுதிய ஊசிவால் 120-ஐவிட அது மதிப்பு மிக்கது.

இருவர் மதிப்பீடும் 450, 700 என்று எதிரெதிராக வந்தால் சராசரி எடுக்காதீர்கள். ஒரு சிறு பகுதியை இருவரும் ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். யாருடைய "பத்து" பெரிது என்பது அங்கேயே தெரிந்துவிடும். பிறகு இருவரும் முதலிலிருந்து. பத்து விழுக்காட்டுக்குள் நெருங்கினால் போதும்.

ஏரியைப் பங்கு போடுவது

புதிதாகப் போகிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான், அதுவும் சறுக்கியது தெரியாமலே. பெரிய ஏரி, நேரமில்லை, ஆளுக்குப் பாதி என்று முடிவு செய்கிறார்கள். ஒருவர் கரையின் வடகோடிக்கும் மற்றவர் தென்கோடிக்கும் போகிறார்கள். எதிர்க்கரையில் ஒரு தனிப்பனை. "பனைக்கு வலப்பக்கம் எனக்கு, இடப்பக்கம் உங்களுக்கு." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

வரைபடத் தாளை எடுத்துக் கோடு போட்டுப் பாருங்கள். வடகோடியில் நிற்பவர் கண்ணிலிருந்து பனைக்கு ஒரு கோடு. அதற்கு வலப்பக்கம் அவருடையது. தென்கோடியிலிருந்து பனைக்கு இன்னொரு கோடு; அதற்கு இடப்பக்கம் மற்றவருடையது. இரண்டு கோடுகளுக்கும் நடுவே, கரை முழுவதையும் அடியாகவும் பனையை உச்சியாகவும் கொண்ட முக்கோணம் யாருக்கும் இல்லை. ஏரி செவ்வகமாக இருந்தால் அது சரிபாதிப் பரப்பு. எல்லைக் குறி எதிர்க்கரையில் இல்லாமல் நடு ஏரியில் நிற்கும் பட்ட மரமாக இருந்தால் குழப்பம் இரட்டிப்பு: மரத்துக்கு முன்னால் உள்ள முக்கோணம் விடுபடும், மரத்துக்குப் பின்னால் உள்ள ஆப்பு வடிவப் பகுதியை இருவரும் எண்ணுவார்கள். சிலசமயம் இந்த இரண்டு பிழையும் ஒன்றையொன்று ஈடுசெய்து மொத்தம் நம்பும்படி வந்துவிடும், அதுதான் இதில் மோசம்.

ஒற்றைப் பொருளை எல்லையாக வைத்தால் ஆள் நிற்கும் இடம் மாற மாற எல்லையும் மாறும். தரையில் இரண்டு பொருள்களை இணைக்கும் கோடுதான் எல்லை. நடு மதகிலிருந்து எதிர்க்கரைப் பனை வரை என்று வையுங்கள். பிரியும் முன் இருவரும் மதகில் நின்று பனையைப் பார்த்து, அந்தப் பார்வைக்கோட்டில் நீரில் என்னென்ன வருகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள்: ஒரு கருவேல மரம், வலைக்காரர் நட்ட கம்பு, ஆகாயத்தாமரைத் திட்டு. திட்டு நகரும், ஆகவே அதை நம்ப வேண்டாம். கோட்டில் குறைந்தது மூன்று நிலையான பொருள் இருந்தால் பிறகு எந்தக் கோடியில் நின்றாலும் அவற்றை வரிசையாக இணைத்து எல்லையை ஊகிக்கலாம்.

அதைவிட எளிது, இருவரும் மதகிலேயே நின்று ஒருவர் வலமும் ஒருவர் இடமும் எண்ணுவது. தொலைவு மிகுதி என்றால் மதகிலிருந்து தொடங்கி எதிரெதிர்த் திசையில் நகருங்கள், ஆனால் கோட்டை ஒட்டிய பறவைகளை மதகில் சேர்ந்து நிற்கும்போதே எண்ணி, யாருடைய கணக்கு என்று எழுதிவிடுங்கள். இருவரும் ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் முடிக்க வேண்டும். ஒருவர் 8 மணிக்கும் மற்றவர் 9 மணிக்கும் எண்ணினால் இடையில் பறவை எல்லை தாண்டியிருக்கும்.

சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்து மொத்தக் கூட்டத்தையும் கிளப்பிவிட்டால்? வானத்தில் இருக்கும்போதே மொத்தத்தை மதிப்பிடுங்கள், கேமரா இருந்தால் ஒன்றன்மேல் ஒன்று சற்றுப் படியும்படி வரிசையாகப் படமெடுங்கள். பிறகு கால்மணி நேரம் பொறுங்கள். திரும்பி இறங்கினால் எல்லையின் இரு பக்கமும் முதலிலிருந்து எண்ண வேண்டும், பாதியில் விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது. ஏரியைவிட்டே போய்விட்டால் வானத்தில் எடுத்த எண்தான் கணக்கு. எந்தத் திசையில் போயின என்று எழுதுங்கள். பக்கத்து ஏரியில் வேறு இருவர் எண்ணிக்கொண்டிருந்தால் அவர்களுக்கு உடனே ஒரு போன்.

பட்டியல் ஏற்றுவது

ஓர் ஏரிக்கு ஒரே பட்டியல். இருவரும் தனித்தனியாக ஏற்றினால் அதே ஊசிவால் இரண்டு முறை தரவில் நிற்கும். ஒருவர் ஏற்றி, மற்றவருக்குப் பகிர வேண்டும். பகிர்ந்த பட்டியலை இபேர்ட் ஒன்றாகவே கொள்ளும். பகிர்வதற்கு முன்பே எண்களை இருவரும் தாளோடு ஒப்பிட்டு முடித்துவிடுங்கள். பகிர்ந்த பிறகு அவரவர் படியில் செய்யும் திருத்தம் அடுத்தவர் படிக்குப் போகாது.

இடமாக ஏற்கெனவே உள்ள ஹாட்ஸ்பாட்டை, அதாவது இபேர்டில் எல்லோருக்கும் பொதுவாகக் குறித்துள்ள இடத்தை, தேர்ந்தெடுங்கள். தொடங்கிய நேரம், எடுத்த நேரம், நடந்த தூரம், ஆள் எண்ணிக்கை 2. போன வழியிலேயே திரும்பியிருந்தால் ஒருவழித் தூரம் மட்டும். எண்ணுக்குப் பதில் "எக்ஸ்" (பறவை இருந்தது, எண்ணவில்லை என்பதற்கான குறி) போடுவதை இங்கே மறந்துவிடுங்கள். ஈரநிலங்களைக் காக்கும் பன்னாட்டு ராம்சர் உடன்படிக்கையில் ஒரு நீர்நிலை இடம்பெற உதவும் அளவுகோல்களில், தொடர்ந்து 20,000 அல்லது அதற்கு மேற்பட்ட நீர்ப்பறவைகளைத் தாங்குவது ஒன்று, ஓர் இனத்தொகையின் 1 விழுக்காட்டைத் தாங்குவது இன்னொன்று. இரண்டுக்கும் "எக்ஸ்" உதவாது, தோராய எண்கூட உதவும். பெரிய எண் என்றால் செயலி எச்சரிக்கும். குறிப்புப் பெட்டியில் "ஐம்பது ஐம்பதாக எண்ணியது, ஸ்கோப் வழி, மாதிரி நான்கு இடத்தில்" என்று எழுதினால் சரிபார்ப்பவர் திரும்பக் கேட்க வேண்டியிருக்காது.

பறவைப் பட்டியலோடு வேலை முடியவில்லை. நீர்நிலையின் நிலை குறித்த படிவம் தனி: தண்ணீர் எவ்வளவு, ஏரியில் எத்தனை பங்கைப் பார்த்தீர்கள், ஆக்கிரமிப்பு, குப்பை, மீன்பிடிப்பு. பலர் இதை விட்டுவிடுகிறார்கள். எத்தனை பங்கு பார்த்தோம் என்பது இல்லாவிட்டால், இந்த ஆண்டு 300 போன ஆண்டு 900 என்பது பறவை குறைந்ததா, நீங்கள் கலுங்குப் பக்கம் போகாததா என்று யாருக்கும் விளங்காது.

பிற்சேர்க்கை

இதை வெளியிட்ட பிறகு வந்த கேள்விகளில், மேலே விடுபட்டவை மட்டும்.

ஏரி வறண்டு கிடந்தால் போக வேண்டுமா? கட்டாயம் போங்கள். வடகிழக்குப் பருவமழை பொய்த்த ஆண்டில் "வறண்டது, நீர்ப்பறவை இல்லை" என்பதும் பதிவுதான். படிவத்தில் அப்படியே எழுதுங்கள், வறண்ட நிலத்தில் ஆள்காட்டி நின்றால் அதையும். நல்ல ஆண்டில் மட்டும் எண்ணினால் எந்த ஏரியும் எப்போதும் செழிப்பாகவே தெரியும்.

கருவேல மரத்தில் கூடு கட்டியிருக்கும் நாரைகளையும் கூழைக்கடாக்களையும் எப்படி எண்ணுவது? மரத்துக்கு மரம் போங்கள், ஒவ்வொன்றுக்கும் தாளில் ஒரு எண். தெரியும் பறவைகளைப் பட்டியலிலும், கூடுகளின் எண்ணிக்கையைக் குறிப்பிலும் எழுதுங்கள். கூட்டை இரண்டால் பெருக்கிப் பறவையாக்க வேண்டாம், இணையில் ஒன்று மேய்ச்சலுக்குப் போயிருக்கும், அதை இன்னொரு ஏரியில் ஒருவர் எண்ணிக்கொண்டிருப்பார். கூடுள்ள மரத்தை நெருங்காதீர்கள். பெரியவை எழும்பினால் காக்கை முட்டையைத் தூக்கிவிடும்.

சம்புக்குள் நீலத் தாழைக்கோழி சத்தம் மட்டும் கேட்கிறது. கேட்டதையும் எண்ணலாம், வெவ்வேறு இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் கேட்டவை மட்டும். "உள்ளே இன்னும் ஐம்பது இருக்கும்" என்பது வேண்டாம்.

ட்ரோன் பறக்கவிடலாமா? வேண்டாம். அனுமதிச் சிக்கல் ஒருபக்கம், மொத்தக் கூட்டமும் எழும்புவது மறுபக்கம். கைதட்டிக் கிளப்பி எண்ணுவதும் அதே வகைதான்.

கடலோரக் கழிமுகத்திலும் உப்பங்கழியிலும் எண்ணுகிறவர்கள் ஓதம் ஏறும் நேரத்தைப் பார்த்துப் போங்கள். நீர் வடிந்திருக்கும்போது உள்ளான்கள் கிலோமீட்டர் கணக்கில் சேற்றில் சிதறி மேயும். ஓதம் ஏறியதும் உயரமான சில திட்டுகளில் நெருக்கியடித்து நிற்கும், அப்போது எண்ணுவதுதான் எளிது. கொசு உள்ளான் கூட்டத்துக்கு மேலே சொன்ன ஐம்பதுக் கட்டம் போதாது. நூறில் தொடங்கி ஐந்நூறுக்குப் போங்கள், திட்டுக்குத் திட்டு புதிதாக அளவு பிடித்துக்கொண்டு.